கோப்பில் சேராத மஞ்சள் தாள்

போன மாதம் திவ்யாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் வேலை பார்த்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எனக்குப் பின் வந்து உட்கார்ந்த பெண் அவள். நான்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

“அக்கா, எப்டி இருக்கீங்க? பாப்பா எப்டி இருக்கா? ஒரே ஒரு டவுட்டுக்கா. சைக்கியாட்ரி கேஸ் வந்தா நீங்களும் ஞானசேகரன் சாரும் ஃபார்ம்ல முதல்ல எதை எழுதுவீங்க? நீங்க சொல்லிக் குடுத்த சாரோட லிஸ்ட் பாதி மறந்துபோச்சு, அது உங்ககிட்ட இருக்கா? சாருக்கு அப்புறம் வந்த புது மேனேஜருக்கு ஒண்ணும் தெரியலக்கா. எல்லாத்துக்கும் க்வெரி வருது.”

ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். அந்தப் பட்டியல் வரிசை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. இருந்தும் ஒரு மாதமாகப் பதில் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. இந்த நேரத்திலும் அவள் மேசைக்கு முன்னால் யாரோ ஒருவர் காப்பீட்டு அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார். அதனால் இதை எழுதுகிறேன்.

வேலை அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சால்வையும் மாலையும் வாங்கி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருடம் அந்த மேசையில் இருந்தேன். பிரசவ விடுப்பில் போனேன், திரும்பிப் போகவில்லை. இதையும் ஓய்வு என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் யாரும் இதற்கு வேறு பெயர் வைக்கவில்லை.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே சாலையோரம் இருக்கும் நாற்பது படுக்கை தனியார் மருத்துவமனை அது. உயிர்வேதியியல் பட்டமும் மருத்துவமனை நிர்வாகத்தில் ஒரு வருடப் படிப்பும் முடித்துவிட்டுச் சேர்ந்தேன். கொரட்டூரிலிருந்து ரயில். முதல் இரண்டு வருடம் நகல் எடுத்ததும் தாள்களைக் கோத்துத் தைத்ததும்தான் வேலை. பிறகு படிவம் எழுத விட்டார்கள்.

வேலை இதுதான். காப்பீடு உள்ள நோயாளி சேர்ந்ததும், என்ன நோய், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று படிவம் எழுதிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால் பணத்தை நேராக மருத்துவமனைக்குக் கொடுத்துவிடுவார்கள். நோயாளி கையிலிருந்து எதுவும் போகாது. இதற்குப் பெயர்தான் கேஷ்லெஸ். சந்தேகம் வந்தால் கேள்வி அனுப்புவார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மறுத்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் குடும்பங்கள் எங்கள் மேசையைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருக்கும்.

மேசையின் பொறுப்பாளர் ஞானசேகரன் சார். அதற்கு முன் பல வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், உரிமைக் கோரிக்கைகளை மறுக்கும் பிரிவில் இருந்தவர். மறுக்கிறவன் கண் எந்த வரியில் முதலில் விழும் என்று அவருக்குத் தெரியும். அடி ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார். படிவத்தின் ஒவ்வொரு வரிக்குக் கீழும் அதை வைத்து, வாய்க்குள் படித்து, அடுத்த வரிக்கு இறக்குவார். நடுவில் தொலைபேசி அடித்தாலும் ஸ்கேல் நகராது. நோயாளியின் வீட்டார் யார் வந்தாலும், லுங்கியோடு வந்தாலும், எழுந்து நின்றுதான் பேசுவார். ஒன்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரை எழுத எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் மனநோய்க்குப் பணம் கிடையாது. அப்படிக் கூடாது என்று சட்டம் வந்தும் பாலிசிகள் மெதுவாகத்தான் மாறின. மனநோய் என்று எழுதினால் ஒரு மணி நேரத்தில் மறுப்பு வரும். சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

“பொய் எழுதக் கூடாதும்மா. ஒரு ஆளுக்கு அஞ்சு கஷ்டம் இருக்கும். அதுல எது அவங்க காதுல நல்லா விழுமோ, அதை மட்டும் எழுதணும்.”

மனம் கெட்டவருக்கு உடம்பும் கெட்டிருக்கும் அல்லவா? பயத்தில் வந்தவருக்குப் படபடப்பு. தூங்காதவருக்குத் தலைவலி. சாப்பிடாதவருக்குத் தலைச்சுற்றல், நீர்ச்சத்துக் குறைவு. எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் பணம் வரும். சாரின் பட்டியல் அதுதான். மேசையின் இழுப்பறையில் ஒரு பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

அதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம் மஞ்சள் தாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு வெளியிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வருவார். நடுத்தர வயதுப் பெண்மணி. மற்ற மருத்துவர்கள் நோயாளியின் கோப்பில் எழுதுவார்கள். இவருக்கு மட்டும் தனியாக ஒரு மஞ்சள் தாள் கட்டு. நோயின் பெயரையும் மாத்திரையையும் அதில் எழுதுவார். அந்தத் தாள் கோப்பில் சேராது. மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுவோம். காப்பீட்டு நிறுவனம் கோப்பு கேட்டால் அதில் மனநலம் என்ற வார்த்தையே இருக்காது. குடும்பங்களுக்கும் அது பிடித்திருந்தது. தங்கை கல்யாணம் இருக்கும், கம்பெனியில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து இருக்கும்.

மருத்துவர் ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். “என் எழுத்து மட்டும் ஏம்மா உங்க ஃபைலுக்கு ஆகாது?”

“பேஷண்டுக்காகத்தான் டாக்டர்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். வாரத்துக்கு நான்கு மணி நேரம் வருகிறவர் எங்களோடு எவ்வளவு சண்டை போட முடியும்?

நானாகச் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மஞ்சள் தாளையும் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்க்கிற ஆள் நான். ஏதாவது நடந்தால் என்ற பயம். ஏதாவது நடந்தபோது அந்த நகலை வைத்து என்ன செய்தேன் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

என் எட்டாவது வருடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரமேஷ் என்பவர் மனைவி கவிதாவை ஆட்டோவில் அழைத்து வந்தார். வீடு நெமிலிச்சேரி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். பின்னாலேயே அவர் அம்மா நான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. கவிதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன கைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், நாலு நாளா சோறு துன்னல. புள்ளைய தொட மாட்றா. கூப்ட்டா காது கேக்காத மாதிரி குந்திகினு கீறா. இன்னா ஆச்சின்னே புரில. கம்பெனி கார்டு கீது மேடம். கையில காசு ஒண்ணியும் இல்ல.”

மாலை மருத்துவர் பார்த்தார். அரை மணி நேரம் கதவைச் சாத்திப் பேசினார். மஞ்சள் தாளில் எழுதினார்: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. மாத்திரையை ஒன்பது மாதமாவது நிறுத்தக் கூடாது. தனியாக விடக் கூடாது. இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும்.

நான் படிவத்தில் எழுதினேன்: தலைச்சுற்றல், நீர்ச்சத்துக் குறைவு. சாரின் ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கி முடிந்தது. “நல்லா எழுதியிருக்கம்மா” என்றார். இரண்டு மணி நேரத்தில் அனுமதி வந்தது. மூன்று நாள் இருந்தாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், மாத்திரையும் தொடங்கினார்கள். போகும்போது ரமேஷ் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து சாரிடம் கொடுத்தார். சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்று.

மஞ்சள் தாளை நான்தான் ரமேஷ் கையில் கொடுத்தேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். என்ன நோய் என்று சொல்லவில்லை. மேசையைச் சுற்றி ஆள் நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அன்று சுற்றி ஆள் இருந்தார்களா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நினைவுக்கு வரவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகு வந்து பார்க்கும் செலவுக்குக் காப்பீடு பணம் தராது. படுக்கையில் படுத்தால்தான் பணம். ஆனால் பக்கத்து அரசு மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் மனநல மருத்துவர் வருகிறார், பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். மேசையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் நோயாளியை வெளியே அனுப்பக் கூடாது என்பது நிர்வாகத்தின் பேச்சு. எழுதி வைத்த விதி இல்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. நான் நல்ல பெண்ணாகக் கேட்டு நடந்தேன்.

எட்டு மாதம் கழித்து ரமேஷ் மறுபடி வந்தார். கவிதா குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தாளாம். ஒவ்வொரு ரயில் வரும்போதும் எழுந்து நின்றாளாம். டிக்கெட் கொடுக்கிறவர் பார்த்துப் பயந்துபோய், அவளிடம் பேச்சுக் கொடுத்து, நம்பர் வாங்கி ரமேஷுக்குப் போன் செய்திருக்கிறார்.

“மாத்திரை கொடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எந்த மாத்திர?”

“மஞ்சள் தாள்ல எழுதியிருந்ததே.”

“அதுவா? தூக்க மாத்திரன்னு எங்கம்மா நிறுத்திட்ச்சி மேடம். நல்லா துன்னுகினு, புள்ளைய தூக்கிகினுதான் இருந்தா. தலசுத்தலுக்கு எதுக்கு மாசக்கணக்குல மாத்திரன்னு வுட்டுட்டோம்.”

“அது தலைச்சுற்றலுக்கு இல்லைங்க.”

அவர் பையிலிருந்து எங்கள் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளை எடுத்தார். பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் கொடுத்து லேமினேஷன் செய்திருந்தார். ஓரம் கூட மடங்கவில்லை. அதை என் முன்னால் வைத்து விரலால் தட்டினார்.

“நீங்கதானே மேடம் எய்திக் குடுத்தீங்க? இதோ, தலசுத்தல். சீலு கீது, கையெயுத்து கீது. நான் பத்தாவதுதான் படிச்சேன், ஆனா இத்த படிக்கத் தெரியும். பைத்தியம் கீய்த்தியம்னு அக்கம்பக்கம் பேசினப்போ எங்கம்மா இத்ததான் எடுத்துக் காட்டுச்சி, பாரு, எம்மருமவளுக்கு ஒண்ணியும் இல்லன்னு.”

“அந்த மஞ்சள் தாள்?”

“அத்த புள்ள கியிச்சிட்ச்சி.”

காப்பீட்டு நிறுவனம் ஏமாற வேண்டும் என்று எழுதிய வரியை நம்பியது அந்தக் குடும்பம். எட்டு வருடத்தில் இப்படி ஒன்று நடக்கலாம் என்று எனக்கோ சாருக்கோ தோன்றியதே இல்லை. படிவத்தைப் படிப்பவன் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறான் என்றே நினைத்திருந்தோம். எதிரே நிற்கிறவருக்கும் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டோம்.

இந்த முறை எல்லாம் நேர்மையாக நடந்தது. அந்த வருடம் ரமேஷின் கம்பெனி பாலிசியைப் புதுப்பித்தபோது மனநோயும் சேர்ந்திருந்தது. மருத்துவரின் எழுத்து முதல்முறையாகக் கோப்பிலேயே ஏறியது. தீவிர மனச்சோர்வு, எட்டு மாதம் முன்பு இதே மருத்துவமனையில் இதே நோய்க்குச் சிகிச்சை, இடையில் மாத்திரை நிறுத்தப்பட்டது, இரண்டு வாரமாவது உள்ளே இருக்க வேண்டும். அப்படியே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் கேள்வி வந்தது. எட்டு மாதம் முன்பு நீங்கள் அனுப்பியதில் தலைச்சுற்றல் என்று இருக்கிறது. இப்போது அதே சேர்க்கையை மனநோய் என்கிறீர்கள். இரண்டில் எது சரி? ஆதாரம் அனுப்பவும். மூன்று நாள் அவகாசம்.

ஆதாரம் என் கைப்பையில் இருந்தது. கேள்வி வந்த அன்றே பழைய கட்டிலிருந்து அந்த நகலைத் தேடி எடுத்துவிட்டேன். மருத்துவரின் கையெழுத்து, தேதி எல்லாம் தெளிவாக இருந்தது. சாரின் முன்னால் வைத்தேன். நான் நகல் எடுப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கோபப்படவில்லை. ஸ்கேலை எடுத்து மஞ்சள் தாளின் முதல் வரிக்குக் கீழே வைத்தார். கடைசிவரை படித்தார்.

“அனுப்பலாம்மா. தாராளமா அனுப்பலாம்.”

ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“அனுப்பினா என்ன ஆகும்? அப்போ போன தடவை கொடுத்த பணத்தை ஏமாத்தி வாங்கினீங்கன்னு திருப்பிக் கேப்பான். யாரைக் கேப்பான்? நம்மளைக் கேப்பான். நம்ம மேனேஜ்மென்ட் அந்தப் பையனைக் கேக்கும். அவன் கம்பெனிக்கு லெட்டர் போகும். அவன் வேலை என்ன ஆகும்? நம்மளைக் கேஷ்லெஸ் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டா, நாளைக்கு ஹார்ட் அட்டாக்னு வர்றவன் கையில காசோட வரணும். நீயே யோசி. நீ படிச்ச பொண்ணு.”

“அனுப்பலைன்னா கவிதாவுக்கு?”

“இந்த ஒரு கிளைம் போகும். அது கஷ்டம்தான்.”

யோசித்தேன். மூன்று நாளும் யோசித்தேன். அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். அவர் சொன்னதில் எந்த வரி தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: அந்த மூன்று நாளில் ரமேஷை அழைத்து, இப்படி ஒரு தாள் இருக்கிறது, அனுப்பினால் இது நடக்கலாம், அனுப்பாவிட்டால் இது நடக்கும், உங்களுக்கு எது வேண்டும் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. சாரும் கேட்கவில்லை. ரமேஷுக்கு எது நல்லது என்பதை எழுந்து நின்று மரியாதையாகப் பேசுகிற நாங்கள்தான் முடிவு செய்தோம். நான் அவர்களுக்காகப் பயந்தேனா, விடுப்பில் போகும் நேரத்தில் என் பெயர் எதிலும் மாட்டக் கூடாது என்று பயந்தேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

மூன்றாம் நாள் மாலை மறுப்பு வந்தது.

ரமேஷ் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “இன்னா மேடம், பொய்யா தலசுத்தல்னு எய்தினப்போ காசு குடுத்தான், நெசமா எய்தினா குடுக்க மாட்றானா?” என்று கேட்டார். பிறகு அவரே, “வுடுங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றார்.

இரண்டு வாரம் இருக்க வேண்டியவளை ஐந்தாம் நாள் அழைத்துப் போனார். மருத்துவர் அறிவுரைக்கு மாறாக எங்கள் பொறுப்பில் செல்கிறோம் என்ற தாளில் கையெழுத்து வாங்கியதும் நான்தான். மனைவியின் சங்கிலியைக் கொடுத்துத்தான் அந்த ஐந்து நாளுக்குக் கட்டினார் என்பதை அவள் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் வாசலுக்குப் போன பிறகு எழுந்து ஓடினேன். ஐந்து மாத வயிற்றோடு ஓடுவதைப் பார்த்துக் காவலாளி கூடப் பதறினார். ஆட்டோ கிளம்பும் முன் ரமேஷ் கையில் ஒரு சீட்டைத் திணித்தேன். அரசு மருத்துவமனையின் பெயர், புதன்கிழமை, காலை எட்டரைக்கு முன் சீட்டு வாங்க வேண்டும், எல்லாம் இலவசம்.

அவர் படித்துப் பார்த்தார். “இது எப்பலேர்ந்து கீது மேடம்?”

ரொம்ப நாளாக என்று சொன்னேன்.

“அப்டியா” என்றார். ஆட்டோ போய்விட்டது. ஒன்பது வருடத்தில் அந்த மேசையிலிருந்து நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சீட்டு. அதற்கு எந்தப் படிவமும் யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருக்கலாம்.

அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். நான்கு மாதம் போனேன். திவ்யா சேர்ந்ததும் அப்போதுதான். பட்டியலை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு என் மகள் பிறந்தாள். மூன்று கிலோ, நல்ல ஆரோக்கியம். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். எடுத்த விரலை மறுபடி வைப்பேன். பால் புட்டியை ஏழு முறை கொதிக்க வைப்பேன். அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போகவே மாட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஒரு வருடம் தாண்டியும் இது நிற்கவில்லை.

கணவர் நல்லவர். தன் ஐ.டி. கம்பெனி ஊழியர் குடும்பங்களுக்குக் கொடுக்கும் இலவச ஆலோசனைக்குப் பதிவு செய்தார். தொலைபேசியில் மூன்று முறை. முதல் முறை பேசிய பெண் என் கவலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொன்னாள். நான் ஆறு என்றேன். ஒன்பது சொன்னால் குழந்தையை என்னிடம் விட மாட்டார்களோ என்று பயம். மூன்றாவது முறை வேறு ஒருவர் பேசினார், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதன் பிறகு பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணா நகரில் ஓர் ஆலோசகரிடம் ஒரு தடவை போனேன். முக்கால் மணி நேரத்துக்கு வாங்கிய தொகையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் பால் வாங்கலாம். வாரம் ஒரு முறை வரச் சொன்னார். வீட்டுக் கடன் போக எங்களால் முடியாது. முடியாது என்று கணவர் சொல்லவில்லை, நானே பரவாயில்லை, இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காப்பீட்டைக் கேட்கவில்லை. படுத்தால்தான் பணம் என்பது எனக்குத் தெரியாதா?

திவ்யாவின் செய்தி வந்ததும் இந்த நாட்களில்தான். அதைக் கேட்ட மறுவாரம், ஒரு புதன்கிழமை, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அந்த அரசு மருத்துவமனைக்குப் போனேன். எட்டு மணிக்கே வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சீட்டு எழுதுகிற அம்மா நிமிராமல் கேட்டார்.

“பேரு? வயசு? இன்னா கஷ்டம்?”

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

“தலைச்சுற்றல்” என்றேன்.

அவர் எழுதினார், நான் வாங்கிக்கொண்டேன். மனநலப் பிரிவின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வாங்கிய சீட்டு என்ன என்று எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது வருடப் பழக்கம்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு பெரிய பெண் குழந்தை, மூன்று வயதை நெருங்குகிறவள், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். “இருடி, உன் அவசரத்துல தீ வைக்க” என்று அந்தப் பெண் பல்லால் கிழித்துக் கொடுத்தாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கைகளைத்தான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நீங்க அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேடம்தானே? வயிறும் புள்ளையுமா ஆட்டோகிட்ட ஓடி வந்தீங்களே?”

ஆமாம் என்றேன்.

“நீங்க சீட்டு குடுத்துதான் இங்க வந்தோம். மாசா மாசம் வந்துகினு கீறேன். இப்ப அர மாத்திரதான்.” குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். “எங்கூட்டுக்காரு இன்னமும் சொல்லுவாரு, அந்த மேடம் மட்டும் இல்லன்னா அவ்ளோதான்னு. இன்னா மேடம், யாரைக் கூட்டிகினு வந்துகீறீங்க?”

மஞ்சள் தாளின் நகல் என் பீரோவில், மகளின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே இருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“எனக்குத்தான்” என்றேன்.

என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, தெரிந்தவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

“தலசுத்தலா? உங்களுக்குமா?” என்றாள். “இது வேற லைன் மேடம். இந்தச் சீட்ட வச்சிகினு சாயங்காலம் வரைக்கும் குந்தினாலும் இந்த டாக்டரு பாக்க மாட்டாரு. போயி மாத்தி எய்திகினு வாங்க. எடத்த நான் பாத்துக்கறேன்.”

என் இடத்தில் தன் பையை வைத்தாள். நான் மறுபடி சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் போனேன். இப்போது வரிசை இன்னும் நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் சீட்டை உள்ளே தள்ளினேன்.

“இது தப்பும்மா. மனநல டாக்டரைப் பாக்கணும். எனக்குத்தான்.”

பின்னால் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த அம்மா என் சீட்டை எடுத்து, தலைச்சுற்றல் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“படிச்சவங்களாத்தானே தெரியறீங்க? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”